நோயாளி ஒன்று சொன்னார், நான் வேறொன்று சொன்னேன்: வைத்தியரிடம் இரண்டாம் முறை எப்படிக் கதைப்பது?

வாவிக்கரை எழுதியது:

மட்டக்களப்பு மாவட்டத்தில் ஓர் அரச வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவில் தாதியாக இருக்கிறேன். வேலைக்கு வந்து மூன்றாவது வருடம். எந்த வைத்தியசாலை என்று தயவுசெய்து கேட்கவேண்டாம்.

தை மாதம், விடியற்காலை நாலரை மணி. படுவான்கரையிலிருந்து ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவரை மகன்மார் இருவர் கொண்டுவந்தார்கள். வயலிலிருந்து பெரிய வீதிவரை லான்ட்மாஸ்டர், அதன்பிறகு முச்சக்கரவண்டி. யானைக் காவலுக்காக வாடியில் படுத்திருந்தவர். சாறனில் சேறு காய்ந்திருந்தது. இரண்டு மணியளவில் வயிற்றுவலியில் எழும்பியிருக்கிறார், ஒரு தடவை சத்தி எடுத்திருக்கிறார். இரவு மரவள்ளிக்கிழங்கும் கட்டைச்சம்பலும் சாப்பிட்டதாக மூத்த மகன் சொன்னான். அதைக் கேட்டதும் எங்கள் எல்லோருடைய மனதிலும் ஒரே நோய்தான் வந்திருக்கும்.

அன்று கடமையில் இருந்த வைத்தியருக்குத் தமிழ் வராது. நல்ல மனிதர், அதையும் சொல்லவேண்டும். முதல்நாள் காலையிலிருந்து நின்ற கால். எனக்குச் சிங்களம் ஓரளவு வரும் என்பதால் இப்படியான நேரங்களில் நடுவில் நிற்பது நான்தான்.

ஐயா சொன்னது இது: "வயிறு பிசைகிறது மகள். கண் செருகுகிறது."

நான் வைத்தியரிடம் சொன்னது: வயிற்றுவலி, "நிதிமதய்". அதாவது தூக்கக் கலக்கம்.

இரவு முழுக்க யானைக்குக் காவல் இருந்த மனிதனுக்கு விடியற்காலையில் தூக்கம் வராமல் வேறென்ன வரும்? வைத்தியர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், இறுக்கம் இல்லை. ஈ.சி.ஜி. எடுத்தோம், அதிலும் குற்றம் இல்லை. ஒட்சிசன் 98. பிரஷர் சரி. நாடித்துடிப்பு மட்டும் கொஞ்சம் கூட. காஸ்ட்ரைட்டிஸுக்கு ஊசி எழுதிவிட்டு, காலைவரை கண்காணிப்புக் கட்டிலில் வைக்கச் சொன்னார்.

ஊசியோடு போனேன். ஐயா என்னைப் பார்ப்பதற்காகத் தலையைப் பின்னால் சாய்த்து மோவாயை உயர்த்தினார். வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பவரைப்போல இருந்தது. நெற்றி முழுக்கச் சுருக்கம், புருவங்கள் மேலே ஏறியிருந்தன, இமைகள் மட்டும் கூட வரவில்லை. தூக்கம் வருகிறது என்று இந்த மனிதர் சொல்லவேயில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதைச் சொன்னவள் நான்.

"ஐயா, வாடியில் எங்கே படுத்தீர்கள்?"

"நிலத்தில்தான் மகள், பன்பாயில்." குரல் மூக்கால் வந்தது.

கட்டுவிரியனைப் பற்றி எங்களுக்குப் படிப்பித்திருக்கிறார்கள். நிலத்தில் படுத்துறங்குபவரை இரவில் கடிக்கும். வீக்கம் இருக்காது, கடிவாய் தேடினாலும் பல நேரம் கிடைக்காது, கடிபட்டது அவருக்கே தெரியாமல் போகலாம். முதலில் வயிறு நோகும். பிறகு இமை, பிறகு விழுங்குதல், பிறகு மூச்சு. எல்லாம் பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கிய பாடம்.

வைத்தியர் அடுத்த கட்டிலில் விபத்தில் வந்த ஒரு பையனுக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். "டொக்டர், எனக்குப் பயமாக இருக்கிறது, அந்த ஐயாவை இன்னொரு தடவை பார்க்கமுடியுமா" என்று கேட்டேன். "இப்போதுதானே பார்த்தேன்" என்றார். நான் திரும்பி வந்துவிட்டேன்.

பத்து நிமிடம். ஐயாவின் கடைவாயில் எச்சில் வழிந்து தலையணை நனைந்த பிறகுதான் மறுபடி ஓடினேன். இந்தத் தடவை பயத்தைப் பற்றிக் கதைக்கவில்லை. "நான் பிழையாக மொழிபெயர்த்துவிட்டேன். அவருக்குத் தூக்கம் இல்லை. இமையைத் தூக்க முடியவில்லை. எச்சில் விழுங்க முடியவில்லை. நிலத்தில் படுத்தவர்." ஊசியை நூலோடு அப்படியே வைத்துவிட்டு வந்தார்.

அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. விஷமுறிவு மருந்து ஏற்றினோம். மூச்சு குறைந்துகொண்டே போனது, குழாய் போட்டார்கள். கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் "அம்பு" பையை அமுக்கிக்கொண்டு அம்புலன்ஸில் பெரியாஸ்பத்திரிவரை போனது நான்தான். எட்டாம் நாள் குழாய் எடுத்தார்கள். ஐயா இருக்கிறார்.

இப்போது என் பிரச்சினை. பொறுப்புச் சிஸ்டர் மறுநாள் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "வைத்தியர் பார்த்துவிட்டார் என்றால் முடிந்தது. நீ என்ன டொக்டரா?" அதே வாயால், தாமதம் ஏன் என்று எழுத்தில் விளக்கமும் கேட்கிறார். மொழிபெயர்ப்பு விஷயத்தை எழுதாதே, அது வைத்தியருக்கும் உனக்கும் மட்டும் தெரிந்தது என்று கூட வேலை செய்யும் தோழி சொல்கிறாள். இரண்டாம் முறை போய்க் கேட்பவர்கள் எப்படிக் கேட்கிறீர்கள்? எந்தச் சொல்லில் தொடங்குகிறீர்கள்?

இன்னொன்று. அம்புலன்ஸ் ஆயத்தமாகும்வரை ஐயா ஓர் அசைவும் இல்லாமல் கிடந்தார். கண்மணி விரிந்திருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர், "ஆள் முடிந்தது, சும்மா பெற்றோல் செலவு" என்று சத்தமாகவே சொன்னார். நான் குனிந்து ஐயாவின் காதில், "ஐயா, உங்கள் மூச்சை நாங்கள் விடுகிறோம், மகன்மார் வெளியே நிற்கிறார்கள்" என்று சொன்னேன். சொல்லும்போது வெட்கமாக இருந்தது. அவருக்குக் கேட்டிருக்குமா?

---

பழைய சிஸ்டர் எழுதியது:

மகள், முதலில் இரண்டாவது கேள்விக்கு. கேட்டிருக்கும். கட்டுவிரியனின் நஞ்சு தசைக்குப் போகும் கட்டளையைத்தான் நிறுத்துகிறது, மூளையை அல்ல. இமை, கை, நாக்கு எதையும் அசைக்க முடியாத மனிதன் உள்ளே முழு விழிப்போடு கிடக்கலாம். கண்மணி விரிந்து வெளிச்சத்துக்கு அசையாமல் நிற்பதைப் பார்த்து மூளை இறந்துவிட்டது என்று ஏமாந்த வைத்தியர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். பெற்றோல் செலவு என்று சொன்னவரிடம் இதைச் சொல். நல்ல வார்த்தையில் சொல்லவேண்டியதில்லை.

இப்போது முதல் கேள்வி. நான் முப்பத்துநான்கு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவள். ஊரடங்குக் காலம், சுனாமி எல்லாம் விடுதிக்குள் நின்று பார்த்தேன். "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொன்னாய் பார், அங்கேதான் வழுக்கினாய். பயம் உன்னுடையது. தையல் போட்டுக்கொண்டிருக்கும் மனிதனுக்கு உன் பயத்தை வைத்து என்ன செய்வதென்று தெரியாது, ஆறுதல் சொல்லி அனுப்பிவிடுவார். இமை ஐயாவுடையது. "இமை விழுகிறது" என்றால் அவர் எழும்பித்தான் ஆகவேண்டும். இரண்டாம் முறை நீயாகவே அதைக் கண்டுபிடித்துவிட்டாய். பிறகு ஏன் என்னிடம் கேட்கிறாய்?

இருந்தாலும் என் வழக்கத்தைச் சொல்கிறேன். யாரைப் பற்றிக் கதைக்கிறேன், நீங்கள் பார்த்ததற்குப் பிறகு என்ன மாறியது, நான் என்ன நினைக்கிறேன், நீங்கள் இப்போது என்ன செய்யவேண்டும். இதையே இப்போது நிலைமை, பின்னணி, மதிப்பீடு, கோரிக்கை என்று நான்கு தலைப்பாகப் படிப்பிக்கிறார்கள். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த முறையாம். எங்கள் காலத்தில் நீர்மூழ்கி இல்லை, மேட்ரன் இருந்தார். நான்காவதை மட்டும் யாரும் சொல்வதில்லை, கவனித்துப் பார். "சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன்" என்று நின்றுவிடுகிறோம். "என்னோடு இப்போது வந்து அவருடைய கண்ணைப் பாருங்கள்" என்று கேட்கவேண்டும். வராவிட்டால் எத்தனை மணிக்குச் சொன்னேன் என்று நோயாளியின் டிக்கெட்டில், அதாவது சிகிச்சைக் குறிப்பில், எழுது. அதற்கும் அசையாவிட்டால் அவருக்கு மேலே உள்ளவருக்குத் தொலைபேசி எடு. விசேட வைத்திய நிபுணர் இரவு மூன்று மணிக்கு ஏசுவார். ஏசட்டும்.

"நீ என்ன டொக்டரா" என்பதற்கும் பதில் இருக்கிறது. சர்வதேசத் தாதியர் பேரவை 1953 இல் ஓர் ஒழுக்கக்கோவை செய்தது, 2021 இல் கடைசியாகத் திருத்தியது. தாதியின் முதல் பொறுப்பு பராமரிப்புத் தேவைப்படும் மனிதருக்கு என்பது அதில் எழுதியிருக்கிறது. வைத்தியருக்கு, சிஸ்டருக்கு என்று எழுதவில்லை. நானும் சிஸ்டராக இருந்தவள், அதனால் துணிந்து சொல்கிறேன்.

விளக்கத்தில் மொழிபெயர்ப்பை எழுது. ஒளித்தால் அடுத்த தடவையும் அது நடக்கும், வேறொரு பிள்ளையின் வாயால்.

எனக்கும் ஓர் இரவு உண்டு. பிள்ளை பெற்ற தாய், நாடித்துடிப்பு 130. இரண்டு தடவை போய் மெதுவாகச் சொன்னேன். மூன்றாம் தடவை போகவில்லை. அதற்குமேல் இங்கே எழுதமாட்டேன்.

---

கட்டில் தள்ளுபவன் எழுதியது:

நான் சிற்றூழியர். அம்பாறைப் பக்கம் வேலை. தாதியும் இல்லாத நேரத்தில் மொழிபெயர்ப்பு எங்கள் தலையில்தான் விழும், அதற்கென்று ஒரு சதமும் கிடையாது. சிங்களமும் தமிழும் இரண்டும் அரசகரும மொழி என்று சட்டத்தில் இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு அந்தச் சட்டம் நித்திரை.

தங்கச்சி செய்த பிழையை நான் வாரத்துக்கு ஒன்று செய்திருப்பேன். ஒரு வயோதிப மாது "இளைப்பு" என்றார். நான் "மஹன்சிய" என்றேன். அது களைப்பு. அவர் சொன்னது மூச்சிளைப்பு, "ஹதிய". நல்லவேளை வைத்தியர் நெஞ்சுக்குக் குழாய் வைத்துக் கேட்டார், இல்லாவிட்டால் அந்த அம்மாவை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

அன்றிலிருந்து ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். உளைவு, எரிவு, குத்து, விறைப்பு, பிசைவு, இழுப்பு, தலைச்சுற்று, மயக்கம். நாங்கள் மயக்கம் என்றால் கிறுகிறுப்பாகவும் இருக்கலாம், நினைவு தப்பியதாகவும் இருக்கலாம், சாப்பிடாத பெண்பிள்ளையின் சோர்வாகவும் இருக்கலாம். சொல் தெரியாவிட்டால் நான் இப்போது மொழிபெயர்ப்பதில்லை. நோயாளியிடம் "செய்து காட்டுங்கள்" என்பேன். அவர் காட்டுவதை வைத்தியர் பார்க்கட்டும். கண் செருகுகிறது என்பதற்கு எனக்கும் சிங்களத்தில் சொல் கிடைக்கவில்லை. வீட்டுக்காரியிடமும் கேட்டேன், அவர் சிங்களம். அவரும் யோசித்துவிட்டுக் கண்ணைச் செருகிக் காட்டினார்.

---

இரவுக்கடமை எழுதியது:

வைத்தியன். நான் அந்த வைத்தியர் அல்ல, ஆனால் அவராக இருந்திருக்கிறேன்.

ஒட்சிசன் 98 என்ற எண்தான் இப்படியான நோயாளியில் நம்மை ஏமாற்றுவது. மூச்சுத் தசைகள் தளரத் தொடங்கி வெகுநேரத்துக்கு அந்த எண் அழகாகவே நிற்கும். விழும்போது நேரே கிணற்றுக்குள் விழும். கண்ணாடிப் புடையன் என்ற மற்றப் பாம்புக்காக நாங்கள் செய்யும் பரிசோதனையும் இங்கே உதவாது. இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைந்திருக்கிறதா என்று சாய்த்துப் பார்ப்போமே, அது. கட்டுவிரியன் கடியில் இரத்தம் ஒழுங்காக உறையும். "டெஸ்ட் சரி, பாம்பு இல்லை" என்று எழுதிவிட்டுப் போன கதைகள் உண்டு.

இயந்திரம் எதுவும் தேவைப்படாத வேலை இரண்டு இருக்கின்றன. நோயாளியை மேலே பார்த்தபடி வைத்திருக்கச் சொல்லுங்கள், இமை களைத்து இறங்கும். ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். வந்தபோது முப்பதுவரை எண்ணியவர் அரை மணித்தியாலத்தில் பன்னிரண்டில் நிற்கிறார் என்றால், அதை என்னிடம் வந்து சொல்லுங்கள். "டொக்டர், முப்பது பன்னிரண்டாகிவிட்டது" என்று ஒரு தாதி சொன்னால் நான் எந்தத் தையலையும் விட்டுவிட்டு வருவேன். தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடிகிறதா என்றும் பாருங்கள்.

நஞ்சு நரம்பு நுனியைக் கெடுத்த பிறகு விஷமுறிவு மருந்து அதைத் திருப்பித் தராது. மூச்சைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தால் நரம்பு தானே தேறும். ஆகவே அன்று உயிரைக் காத்தது மருந்தைவிட உங்கள் கையில் இருந்த பைதான்.

பழைய சிஸ்டரோடு ஓர் இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. டிக்கெட்டில் நேரத்தை எழுதுவது சரி. ஆனால் வைத்தியரை மாட்டிவிடுவதற்காக எழுதுகிறார்கள் என்ற எண்ணம் வந்துவிட்டால் அந்த விடுதியில் யாரும் யாரோடும் கதைக்கமாட்டார்கள். எழுதுவதற்கு முன் "எழுதப்போகிறேன் டொக்டர்" என்று ஒரு சொல் சொல்லுங்கள். பாதி நேரம் அந்தச் சொல்லே போதும்.

இலங்கை முழுவதும் 2012-13 இல் செய்த கணக்கெடுப்பின்படி வருடத்துக்குச் சுமார் 80,000 பாம்புக்கடிகள், சாவுகள் நானூற்றுச் சொச்சம். எங்கள் வயற்பகுதிகளில் வயிற்றுவலி என்று விடியற்காலையில் வருபவரிடம் "எங்கே படுத்தீர்கள்" என்று கேட்பதை நான் இப்போது பெயர், வயதோடு சேர்த்துக் கேட்கிறேன்.

---

பழைய சிஸ்டர் எழுதியது:

டொக்டர், சொல்லிவிட்டுத்தான் எழுதுவேன். சொன்னபோது கேட்காதவருக்காகத்தான் எழுதுவது. மற்றபடி நீங்கள் சொன்ன எண்ணும் முறை எனக்குத் தெரியாது. நன்றி.

---

போடியார் பேரன் எழுதியது:

நான் உங்கள் தொழில் இல்லை. கடிபட்டவன். பதினொரு வருடத்துக்கு முன், வெல்லாவெளிப் பக்கம், வயலில். தாதி மகள் கேட்ட இரண்டாவது கேள்விக்கு ஒருவன் உயிரோடு இருந்து பதில் சொல்லலாம் என்பதால் எழுதுகிறேன்.

எல்லாம் கேட்டது. முதலில் எங்கள் அம்மா வந்து ஒப்பாரி வைத்தார். நான் சாகவில்லை என்று சொல்ல முயற்சி செய்தேன், எதுவும் நடக்கவில்லை. கண் மூடியிருந்தது, திறக்க முடியாது. யாரோ இமையைத் திறந்து வெளிச்சம் அடித்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். இருட்டு. இரண்டு பேர் என் கால்மாட்டில் நின்று சோற்றுப் பார்சலுக்குக் காசு பிரித்தார்கள். ஒருவருக்கு இருபது ரூபா குறைந்தது. அந்தக் கணக்கை நான் உள்ளே இருந்து சரிபார்த்தேன், வேறு வேலை இல்லையே. "பிள்ளைகள் எத்தனை பேராம்?" என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வி எதற்கு என்று எனக்கு விளங்கியது. அதுதான் மோசமான இடம்.

ஓர் ஆண் தாதி இருந்தார். முகம் தெரியாது, குரல்தான் தெரியும், காத்தான்குடிப் பக்கத்துப் பேச்சு. ஒவ்வொரு தடவையும் தொடுவதற்கு முன் சொல்வார்: "நானா, இப்போது குழாயால் சளி எடுக்கப்போகிறேன், மூச்சு முட்டும், மூன்று எண்ணுவதற்குள் முடிந்துவிடும்." மூன்று எண்ணுவார். முடிந்துவிடும். மற்றவர்கள் சொல்லாமல் விடும்போது ஒவ்வொரு தடவையும் இதோடு சரி என்றுதான் நினைத்தேன். அவர் இன்ன நாள், இன்ன நேரம், வெளியே மழை என்றும் சொல்லிவிட்டுப் போவார். மழை என்றதும் எனக்கு வயல் ஞாபகம் வந்தது, வரம்பு உடைந்திருக்குமோ என்று யோசித்தேன். வரம்பைப் பற்றி யோசிப்பவன் சாகமாட்டான் என்று அப்போது தோன்றியது.

கண்ணில் சொட்டு மருந்து விட்டு மூடி ஒட்டியதும் அவர்தான். மூடாமல் விட்டிருந்தால் கண் காய்ந்து புண்ணாகியிருக்கும் என்று பிறகு சொன்னார்கள்.

குழாய் எடுத்த பிறகு அவரைத் தேடினேன், வேறு விடுதிக்கு மாற்றிவிட்டார்களாம். மகள், அந்த ஐயாவிடம் போய்க் கேளுங்கள். அவர் உங்கள் குரலை வைத்தே கண்டுபிடிப்பார்.

---

சும்மா வந்தவன் எழுதியது:

எல்லாம் சரி, அந்த மனிதன் ஏன் நிலத்தில் படுத்தான்? வாடியில் ஒரு கட்டில் போட்டால் என்ன?

---

கட்டில் தள்ளுபவன் எழுதியது:

தம்பி, கட்டில் போடலாம். யானை வரும்போது இறங்கி ஓடுகிறவனுக்குத்தான் அது தெரியும். கொசுவலையை எல்லாப் பக்கமும் பாய்க்கு அடியில் செருகிவிட்டுப் படுத்தாலே பாதிப் பாம்பு உள்ளே வராது. எங்கள் ஊரில் அப்படித்தான்.

---

வாவிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. போடியார் பேரன் அண்ணா, நீங்கள் எழுதியதை வேலை நேரத்தில் வாசித்திருக்கக்கூடாது. மருந்து அறைக்குள் போய் நின்றுவிட்டு வந்தேன்.

விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒன்றரைப் பக்கம். "கண் செருகுகிறது என்று நோயாளி கூறியதைத் தூக்கக் கலக்கம் என நான் பிழையாகத் தெரிவித்தேன்" என்ற வரி இரண்டாவது பந்தியில் இருக்கிறது. அதைக் கொடுப்பதற்கு முன் வைத்தியரிடம் காட்டினேன். வாசித்துவிட்டு, "நானும் கண்ணைப் பார்க்கவில்லையே" என்று சொல்லி, தன் பெயரையும் ஒரு வரியில் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். பிறகு, "செருகுகிறது" என்றால் எப்படி உச்சரிப்பது என்று கேட்டு இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். "செருக்கு" என்றுதான் வருகிறது. அது வேறு சொல் என்று நான் சொல்லவில்லை.

ஐயாவை இன்னும் போய்ப் பார்க்கவில்லை. அடுத்த விடுமுறை நாளில் போகிறேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை, போய் ஏதாவது கதைத்தால் குரலைக் கேட்பார்தானே.

அவருடைய இளைய மகன் நேற்று எருமைத் தயிர் இரண்டு சட்டி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். முதல் கரண்டி எடுத்தது பொறுப்புச் சிஸ்டர். பாணிப் போத்தலைத் தேடிக்கொண்டே, கண்காணிப்புக் கட்டிலில் இருந்தவரை ஒரே மூச்சில் எண்ணச் சொல்லச் சொன்னார். அவர் வந்தது காலில் முள் குத்தி.